நாலாயிரத்து நூற்றுப் பதினாறாம் வரி

பரளச்சிக்குத் தண்ணீர் நின்றுபோன அன்றைக்கு, பாளையம்பட்டியைத் தாண்டி ரோட்டோரம் இருக்கும் தாய்மொழி நிரலாக்க மேம்பாட்டு வாரியத்தில் கேக் வெட்டினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்ல முயல்வேன். ஆனால் நான் பரளச்சிக்காரன், பதினெட்டு நாள் உப்புத் தண்ணீரில் பல் விளக்கியவன். முழு நிதானத்தை என்னிடம் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு இன்னது செய் என்று எழுதிக் கொடுப்பதற்கு நிரல் என்று பெயர். அதை இங்கிலீஷ் வார்த்தைகளில்தான் எழுத வேண்டுமா, தமிழில் எழுதினால் ஆகாதா என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக 'செந்நிரல்' என்று ஒரு மொழி உண்டாயிற்று. 'தொட்டி நிறைந்தால் வால்வை மூடு' என்று அதில் எழுதினால் போதும். மொழிபெயர்ப்பி என்ற ஒன்று அதை வாங்கி, சி என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் மாற்றி எழுதிவிடும். சியில் எழுதியதை மெஷின் ஓட்டும். இதில் கேவலம் ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ மொழிகள் சியின் முதுகில் ஏறித்தான் ஊர் போய்ச் சேருகின்றன.

பிறகு செந்நிரலை வளர்க்க ஒரு வாரியம் போட்டார்கள். வாரியத்துக்கு மூன்று மாடி கட்டினார்கள். கண்ணாடி முகப்பு வைத்தார்கள். முன்னால் புல்வெளி போட்டு, புல்வெளிக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினார்கள். அதோடு செந்நிரலுக்குச் சனி பிடித்தது.

வாரியத்தின் முதல் விதி, கட்டிடத்துக்குள் 'சி' என்று யாரும் சொல்லக் கூடாது என்பது. காரணம் இருக்கிறது. வாரியத்தின் இயக்குநர் முனைவர் ஜெயக்குமார், "செந்நிரல் எவர் தயவும் இன்றி நேரே மின்னணுவோடு பேசுகிறது" என்று மேடை மேடையாகப் பேசிவிட்டார். சி என்று ஒன்று நடுவில் இருப்பதை அதற்குப் பிறகுதான் யாரோ அவரிடம் சொன்னார்கள். பேச்சு அதற்குள் புத்தகமாக வந்துவிட்டது. புத்தகத்தை மாற்ற முடியாது என்பதால் சி இல்லாமல் போயிற்று. ஊழியர்களுக்கு அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், புருஷன் பேரைச் சொல்லாத பெண்களைப் போல 'அவுக' என்பார்கள்.

"அவுக ஓடுறாகளா?"

"எங்க ஓடுறாக, நூத்திப் பத்தாவது வரியில நின்னு முறைக்கிறாக."

இப்படித்தான் அங்கே வேலை நடந்தது.

இந்த வாரியத்திடம்தான் நாற்பது ஊர்த் தண்ணீரை ஒப்படைத்தார்கள். அமுதநீர்த் திட்டம் என்று பெயர். ஒவ்வொரு ஊர்த் தொட்டியிலும் தண்ணீர் அளவு பார்க்கும் கருவி, தானாகத் திறந்து மூடும் வால்வு, பக்கத்தில் சின்னத் திரை வைத்த ஒரு பெட்டி. பரளச்சியில் இருபத்திரண்டு வருஷமாக வால்வு திறந்துவிட்டுக்கொண்டிருந்த பால்ச்சாமி அண்ணனிடமிருந்து வால்வுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சாவி என்றால் இடுப்பில் செருகுகிற சாவி இல்லை. ஐந்தடி இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. இனி அந்தப் பெட்டியைத் தூசி தட்டுவது மட்டும்தான் அவர் வேலை. ஒன்றரை வருஷம் தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்தது. பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் அந்தக் கேக். திட்டத்தின் பெயர் குட்டையாக இருக்கிறது, மரியாதை போதவில்லை என்று வாரியம் கூடி அதை நீட்டியது. 'மக்கள் மனம் குளிர்வித்த மாபெரும் அமுதநீர்த் திட்டம்'. நிரலுக்குள் எந்தத் தொட்டியின் பெயர் வந்தாலும் இந்த முழுப்பெயரையும் முன்னால் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு. 'அமுதநீர் பரளச்சி' என்று இருந்தது 'மக்கள் மனம் குளிர்வித்த மாபெரும் அமுதநீர்த் திட்டத்தின் பரளச்சி' ஆயிற்று. காலை பதினொரு மணிக்குக் கேக் வெட்டினார்கள். பதினொன்றே காலுக்கு எங்கள் தெருக்குழாய் ஒரு தடவை கொட்டாவி விட்டு நின்றது.

பால்ச்சாமி அண்ணன் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார். திரையில் இரண்டே சங்கதி இருந்தது. 'மூடு. வரி 4116.'

ஒரு நாள் பொறுத்தார். இரண்டு நாள் பொறுத்தார். ஊர்ப் பெண்கள் குடத்தோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர் வீட்டுக்குள்ளேயே பெரிய பாடாக இருந்தது. மகள் ராஜேஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து இருபது நாள். போர்வெல் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியதில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. "நல்ல தண்ணில குளிப்பாட்டுங்கம்மா, மருந்தெல்லாம் அதுக்கப்புறந்தான்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

"ஊருக்கே தண்ணி தொறந்துவிட்டவுக," என்றாள் அவர் மனைவி முத்துப்பேச்சி. "பேரப்பிள்ளைக்கு ஒரு குடம் கொண்டார முடியல."

ஆறாம் நாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

வாரியத்தின் புகார்ப் பிரிவில் கண்காணிப்பாளர் சின்னத்துரை இருந்தார். அவருக்கு எதிரே வரிசையாகப் பல ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் சீட்டு, சீட்டில் ஒரு எண். 3988, 4020, 4084. கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்க உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள், ஆனால் யாருக்கும் இலை விழவில்லை.

"என்ன வரி?" என்று கேட்டார் சின்னத்துரை.

"நாலாயிரத்து நூத்திப் பதினாறு, சார்."

சின்னத்துரை படிவத்தைத் திருப்பிக் காட்டினார். வரி எண் எழுத மூன்று கட்டம்தான் இருந்தது.

"ஒங்க எண்ணு நாலு இலக்கம்யா. எங்க எழுதுவீக?"

"சார், கட்டத்துக்கு வெளிய எழுதிக்கிறலாமா?"

"கட்டத்துக்கு வெளிய எழுதுனா அது கட்டத்துக்கு வெளிய இருக்கும். எங்க நிரல் மொத்தமே எரநூத்திப் பன்னெண்டு வரி. எரநூத்திப் பன்னெண்டு வரியில நாலாயிரத்து நூத்திப் பதினாறாவது வரி எங்கய்யா இருக்கு? இல்லாத வரியில எப்படிப் பிழை இருக்கும்?"

பால்ச்சாமி யோசித்தார். கேள்வி சரியாகத்தான் பட்டது. "ஆனா தண்ணி வரல சார்," என்றார்.

"திரையில என்ன போட்டிருக்கு?"

"மூடுன்னு."

"அப்ப மூடியிருக்கு. மூடுனா தண்ணி வராது. அது சரியா வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்?"

"தொட்டி காலியா இருக்கு சார். நான் மேல ஏறிக் கண்ணால பாத்தேன்."

"விதி ஏழு," என்றார் சின்னத்துரை. சுவரைக் காட்டினார். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது: திரையில் காண்பதே நடப்பு. "ஒங்க கண்ணு சாட்சி ஆகாது. திரைதான் சாட்சி."

அந்த வாசகத்தை எழுதியவன் கையில் ஒரு காலிக் குடத்தைக் கொடுத்து வைகாசி வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. பால்ச்சாமி அண்ணனுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. விதியை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். தீபலட்சுமி. அருப்புக்கோட்டையில் மளிகைக் கடைக்காரர் மகள், வாரியத்தில் ஒப்பந்த ஊழியர். திரையில் வரி எண் தெரியும்படி எழுதி வைத்ததே அவள்தான், பிழை தேட வசதியாக இருக்குமென்று.

"அண்ணே, நாலாயிரத்து நூத்திப் பதினாறு நெசமா இருக்கு. செந்நிரல்ல இல்ல. அவுககிட்ட இருக்கு."

"யாருகிட்ட தாயி?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "சி," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

தன் மேஜைக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். தமிழில் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. அதை மொழிபெயர்ப்பி சியாக மாற்றும்போது நாலாயிரத்துச் சொச்சம் வரியாக வளர்ந்துவிடும். பிழை வந்தால் மெஷின் அந்த வளர்ந்த கணக்கில்தான் வரி எண் சொல்லும். சியின் இந்த வரி தமிழில் இந்த வரியிலிருந்து வந்தது என்று மொழிபெயர்ப்பியே கூடக்கூட எழுதி வைக்க முடியும். அப்படித்தான் ஊர் உலகத்தில் செய்கிறார்கள். இங்கே அதற்குத் தடை. எழுதி வைத்தால் சி இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

"ஏன் மூடுச்சுன்னு தெரியுமா தாயி?"

"அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டேன்ணே. அஞ்சு நாளா சொல்லத்தான் ஆள் கெடைக்கல."

அவள் சொன்னது இதுதான். மொழிபெயர்ப்பி ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி, முதல் முப்பத்தோரு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மிச்சத்தை வெட்டிவிடும். பழைய பெயர் குட்டை, தப்பித்தது. புதுப் பெயரில் 'மக்கள் மனம் குளிர்வித்த மாபெரும்' என்பதோடு முப்பத்தொன்று தீர்ந்துவிடுகிறது. அமுதநீரே வரவில்லை, அப்புறம் எங்கே பரளச்சி? ஆக நாற்பது ஊர்த் தொட்டிக்கும் ஒரே பெயர். சியாவது சண்டை போட்டிருக்கலாம். ஆனால் மதிப்பு எதுவும் கொடுக்காமல் நிரலின் தலைமாட்டில் ஒரே பெயரை நாற்பது தடவை சொன்னாலும், எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போவது சியின் சுபாவம்.

"இப்ப மெசினுக்கு எல்லாத் தொட்டியும் ஒரே தொட்டிண்ணே. வரிசையா ஒவ்வொரு தொட்டியாப் பாத்துட்டு வரும். கடைசியாப் பாக்குற தொட்டி நெறஞ்சிருந்தா, எல்லாத் தொட்டியும் நெறஞ்சு கெடக்குன்னு நெனச்சு மொத்த வால்வையும் மூடிரும்."

"கடைசித் தொட்டி எந்த ஊரு?"

தீபலட்சுமி ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே வாரியத்தின் புல்வெளியில் தண்ணீர் பூவாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

"நாப்பத்தோராவது," என்றாள். "நம்ம புல்லுத் தொட்டி. ஒரு சாண் கொறஞ்சா லாரி வந்து ரொப்பிரும். எப்பவும் நெறஞ்சே இருக்கும்."

பால்ச்சாமி புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் மாடு தின்னக்கூட அப்படிப் பச்சைப் புல் கிடையாது.

அன்று மாலையே அவரையும் கூட்டிக்கொண்டு தீபலட்சுமி ஆய்வுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அழைப்பில்லை. போனாள். இயக்குநர் ஜெயக்குமார் பொன்னாடை மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து, "சார், பெயரைப் பழையபடி குட்டையாக்கினால் போதும், பத்து நிமிஷ வேலை," என்றாள். ஏன் என்று கேட்டார்கள். முப்பத்தோரு எழுத்து என்றாள். எங்கே அப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"சியில் சார்," என்றாள்.

ஒருவர் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

இயக்குநர் எழுந்தார். அவர் பேசியதை அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

"இந்தப் பெண் பெயரைக் குறைக்கச் சொல்கிறார். குளிர்வித்ததைக் குறைக்கவா? மாபெரும் என்பதைக் குறைக்கவா? தண்ணீரை எந்த வாரியமும் தரும், தோழர்களே. இவ்வளவு நீளமான பெயரை யார் தருவார்கள்? மேலும் பிழை நாலாயிரத்து நூற்றுப் பதினாறாம் வரியில் என்கிறார். நம்மிடம் அப்படியொரு வரி இல்லை. மக்களின் புகாரை வரி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மனிதாபிமானம் ஆகுமா? ஆகாது. எனவே அந்த வரியை நாமே உண்டாக்குவோம். உண்டாக்கி, அதில் பிழை இருக்கிறதா என்று நேர்மையாகப் பார்ப்போம்."

கை தட்டினார்கள். பால்ச்சாமியும் தட்டினார். மனிதாபிமானம் என்ற சொல் காதில் விழுந்ததால் தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் தீபலட்சுமியின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. காரணம், அவையில் தகாத சொல்.

செந்நிரலில் குறிப்பு வரி என்று ஒன்று உண்டு. மனிதர் படிக்க எழுதுவது, மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும். பதினோரு ஊழியர்கள் நாலு நாள் உட்கார்ந்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு குறிப்பு வரி எழுதினார்கள். அத்தனையும் திட்டத்தின் புகழ். யாருக்கோ எதுகை தீர்ந்துபோய், 'மாபெரும்' என்பதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலும் சேர்ந்து சரியாக நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. கடைசி வரி 'வாழிய மாபெரும் அமுதநீர்' என்று வந்தது. மூன்று பேர் கொண்ட குழு அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தது. சந்தி சரியாக இருந்தது. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் பால்ச்சாமிக்குத் தபால் வந்தது. 'தாங்கள் சுட்டிய 4116ஆம் வரி ஆய்வு செய்யப்பட்டுப் பிழையற்றது எனக் கண்டறியப்பட்டதால் தங்கள் புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்படுகிறது.' தபாலைப் படித்துவிட்டுத் தெருக்குழாயைத் திருகினார். ஒரு எறும்பு வெளியே வந்தது.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. சிவப்பு கழுத்துவரைக்கும் ஏறியிருந்தது. ராஜேஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அப்பா, நான் எங்க வீட்டுக்கே போயிறட்டா?" என்று கேட்டாள். தகப்பன் வீட்டில் இருந்து ஒரு மகள் கேட்கக்கூடிய கேள்வியா அது? அவர் செருப்பை மாட்டினார்.

இந்தத் தடவை புகார்ப் பிரிவுக்குப் போகவில்லை. நேரே புல்வெளிக்குப் பின்பக்கம் போனார். தொட்டியின் அடியில் கழுவிவிடுகிற குழாய் எங்கே இருக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் தொட்டி பார்த்தவருக்குத் தெரியாதா? திறந்துவிட்டார். தண்ணீர் வேலியோரச் சாக்கடையில் ஓடியது. அதைப் பார்க்க அவருக்கே வயிறு எரிந்தது. கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"ஏங்க! தண்ணி வருதுங்க!" முத்துப்பேச்சியின் குரலுக்குப் பின்னால் குடங்கள் மோதுகிற சத்தம். "கொழாய்ல நொரை பொங்கி வருது! என்ன செஞ்சீக?"

"பேசாத. புடி. மொதல்ல பிள்ளைக்குப் புடி."

இருபது நிமிஷம் வந்தது. நாற்பது ஊரிலும் இருபது நிமிஷம் வந்தது. அதற்குள் காவலாளி பார்த்து, சின்னத்துரை ஓடிவந்து, குழாயை இறுக்கி மூடி, லாரிக்குப் போன் போட்டார்.

"யோவ், குடிக்கிற தண்ணிய இப்படிச் சாக்கடையில விடுறியே, ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார் சின்னத்துரை. காலடியில் புல் சொதசொதவென்று நனைந்திருந்தது. நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

மாலைக்குள் அந்தக் குழாய்க்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு ஒரு ஆளும் போட்டார்கள்.

வாரியத்தின் சட்டப் பிரிவு பால்ச்சாமிக்கு நோட்டீஸ் அனுப்பியது, புல்வெளிக்கு ஊறு விளைவித்ததற்கு. அதே தபாலில் விழாப் பிரிவு அழைப்பிதழ் அனுப்பியது. இந்தப் பிரிவுக்கும் அந்தப் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பதினெட்டாம் நாள் 'நாலாயிரத்து நூற்றுப் பதினாறாம் வரி நிறைவு விழா'. அதில் பழைய காலத்து முறையில் வால்வு திறப்பதைச் செய்து காட்ட, பரளச்சி பால்ச்சாமி அவர்கள் அன்புடன் அழைக்கப்பட்டிருந்தார்.

"நோட்டீசுக்குப் போறீகளா, பத்திரிகைக்குப் போறீகளா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"சாவிக்குப் போறேன்," என்றார்.

வாரியத்தின் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சாவி படுத்திருந்தது. 'பழைய அடிமைக் கருவி' என்று கீழே எழுதியிருந்தது. அன்றைக்கு அதை வெளியே எடுத்து, துடைத்து, மேடையில் பால்ச்சாமி கையில் கொடுத்தார்கள். இரும்பின் பிடியில் அவர் உள்ளங்கை அழுத்தி அழுத்தி வழுவழுப்பான இடம் அப்படியே இருந்தது.

ஜெயக்குமார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கைகளைப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டு இந்தக் கம்பியைத் திருகித் திருகிக் காய்த்துப்போன கைகள். இன்று இந்தக் கைகளுக்கு வேலையே இல்லை! அதுதான் நம் சாதனை. தண்ணீர் வருகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். வருவதும் வராததும் இயற்கை. வராதபோதும் எந்த வரியில் வரவில்லை என்று துல்லியமாகச் சொல்கிறோமே, உலகில் எந்த நாடு சொல்லும்? பெரியவரே, அந்தக் காலத்தில் எப்படித் திறப்பீர்கள், கொஞ்சம் செய்து காட்டுங்கள்."

பால்ச்சாமி சாவியைத் தோளில் தூக்கி வைத்தார். மேடைப் படியில் இறங்கினார். நடுப்பாதையில் நடந்தார். நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டதே காவலாளிதான். புல்வெளியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டவுன் பஸ்ஸைப் பிடித்து, அருப்புக்கோட்டையில் மாறிப் பரளச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உள்ளே கைத்தட்டல் நின்றதாம்.

கண்டக்டர் வந்து சாவியைப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு லக்கேஜ் போடணும்."

"போடுங்க."

"என்னண்ணே சாமான் இது?"

"வால்வுச் சாவி. தண்ணி தொறக்கப் போறேன்."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போன கையை எடுத்துக்கொண்டார். "எங்க ஊரு திருச்சுழிக்கு அங்கிட்டு. பெட்டியில 4084ன்னு காட்டுது, பதினெட்டு நாளா. முடிச்சிட்டு அங்கயும் வாரீகளா?"

"வாரேன்," என்றார் பால்ச்சாமி.

புது வால்வைச் சுற்றிக்கொண்டு போகிற பழைய குழாயும், அதன் வால்வும் மண்ணுக்குள் அப்படியேதான் இருந்தன. குழிக்கு மேல் இரும்பு மூடி, மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக அந்தச் சாவி மட்டும்தான் இறங்கும். இறக்கினார். முதல் சுற்றுக்கு நகரவில்லை. நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. ஏழாவது சுற்றில் தெருவில் சத்தம் கேட்டது. முதலில் காற்று, அப்புறம் செம்மண் நிறம், அப்புறம் தண்ணீர். பெண்கள் அடித்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ அழுதார்கள். நான்தான் அழுதேன், சொல்வதற்கு என்ன.

பெட்டியின் திரையில் அப்போதும் 'மூடு. வரி 4116' என்றே இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் சின்னத்துரை வந்து இறங்கினார். கையில் ஃபைல். வாரியச் சொத்தைத் திருடியது, அனுமதியில்லாமல் தண்ணீர் எடுத்தது, இரண்டுக்கும் நேரடி ஆய்வு. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெருவெல்லாம் ஈரம், அவர் செருப்பு சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. சாவி வாசலிலேயே சாத்தி வைத்திருந்தது. பால்ச்சாமி ஒளிக்கவில்லை.

"சாவிய எடுத்துக்கிருங்க சார். ராத்திரி முழுக்க வண்டியில சுத்தி நாப்பது ஊரும் தொறந்தாச்சு," என்றார் பால்ச்சாமி. "தண்ணி திருட்டுக்கு மட்டும் பெட்டியப் பாத்து எழுதுங்க."

சின்னத்துரை பெட்டியைப் பார்த்தார். மூடு. வரி 4116. தெருக்குழாயைப் பார்த்தார். ஒரு பெண் குடம் மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவும் பெட்டியைப் பார்த்தார்.

"விதி ஏழு," என்றார் பால்ச்சாமி. குரலில் இத்தனை நாள் இல்லாத ஒன்று இருந்தது. "ஒங்க கண்ணு சாட்சி ஆகாது சார். திரையில காங்குறதுதான் நடப்பு. மூடியிருக்கு. மூடியிருந்தா தண்ணி வராது. வராத தண்ணிய நான் எப்படி சார் திருடியிருப்பேன்?"

சின்னத்துரைக்கு வேறு வழி தெரியவில்லை. தண்ணீர் வருகிறது என்று எழுதினால் திரை பொய் என்றாகும். திரை பொய் என்றால் 4116ஆம் வரி பிழை என்றாகும். அந்த வரிக்கு விழா எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஃபைலை முழங்காலில் வைத்து எழுதினார்: 'நேரில் ஆய்வு செய்ததில் பரளச்சி கிராமத்தில் தண்ணீர் இல்லை.' கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். சுற்றி நின்றவர்களிடம் படித்தும் காட்டினார்.

பிறகு ஃபைலை மூடி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நாக்கு உலர்ந்திருந்தது. வாசலில் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. விரோதியாக இருந்தாலும் சொன்னதில்லை. முத்துப்பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். குடத்து விளிம்பில் தண்ணீர் தளும்பி அவள் சேலையில் வழிந்தது.

"இல்லையே சார்," என்றாள். "இப்பத்தான எழுதுனீக."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிள்ளையைக் குளிப்பாட்ட நேரமாகியிருந்தது.